சப்மரீன் தேடுற ஆபீசர் ஆகணுமா? முதல் சில வருஷம் இப்படித்தான் போகும்

நேவில சேர ஆசைப்படுற பசங்கட்ட என்ன ஆகணும்னு கேட்டா பாதிப் பேர் பைலட்ம்பாங்க, மீதிப் பேர் சப்மரீன்ம்பாங்க. சப்மரீனைத் தேடிப் பிடிக்கிறதுக்குன்னே ஏஎஸ்டபிள்யூன்னு (ஆன்டி-சப்மரீன் வார்ஃபேர்) ஒரு ஸ்பெஷலைசேஷன் இருக்கு, அதுக்கு கொச்சில தனி ஸ்கூலே இருக்குன்னு தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. நான் அந்த லைன்ல இருந்துட்டு வந்தவன், அதனால அந்த ஆரம்ப வருஷங்கள் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ணு, யாரும் நேரா ஏஎஸ்டபிள்யூ ஆபீசரா உள்ள போறதில்ல. கேரளால இருக்குற எழிமலை நேவல் அகாடமி முடிச்சு, கொச்சில ட்ரெயினிங் ஸ்குவாட்ரன் கப்பல்ல கடலைப் பழகி, அப்புறம் ஏதோ ஒரு போர்க்கப்பல்ல சப்-லெப்டினன்ட்டா ஏறுவீங்க. அப்போ உங்க முழு கவலையும் ஒண்ணே ஒண்ணுதான், வாட்ச்கீப்பிங் டிக்கெட். அதாவது ராத்திரி ரெண்டு மணிக்கு கேப்டன் தூங்குறப்போ கப்பலை உங்க கையில விட்டுட்டுத் தூங்கலாம்னு அவருக்கு நம்பிக்கை வரணும், அது வர்ற வரைக்கும் வேற எதுவும் பெருசா நடக்காது. கூடவே டிவிஷனல் ஆபீசர் வேலையும் உண்டு, உங்க கீழ இருக்குற செய்லருக்கு லீவு, ப்ரமோஷன் பேப்பர், அவர் வீட்டுப் பிரச்சனை எல்லாம் உங்ககிட்டதான் வரும், அவருக்கு உங்களை விட வயசும் அனுபவமும் ஜாஸ்தியா இருக்கும்கிறது தனிக் கதை. சில வருஷம் இப்படி ஓடின பிறகுதான் லாங் கோர்ஸ்ங்கிற ஸ்பெஷலைசேஷன் படிப்பு, கன்னரியா நேவிகேஷனா கம்யூனிகேஷனா ஏஎஸ்டபிள்யூவான்னு அப்போதான் முடிவாகும்.

கோர்ஸ்ல டார்பிடோ, ராக்கெட் லாஞ்சர் எல்லாம் சொல்லித் தருவாங்க, அது பரவால்ல, படிச்சா வந்துடும். கஷ்டம் தண்ணிதான். கடலுக்குள்ள ரேடார் வேலைக்கு ஆகாது, வெளிச்சமும் கொஞ்ச தூரத்துக்கு மேல போகாது, சத்தம் மட்டும்தான் போகும், அது செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் வேகத்துல, காத்துல போறதை விட நாலு மடங்குக்கு மேல. ஆனா அது நேர் கோட்டுல போகாது. தண்ணி சூடா இருந்தா வேகம் கூடும், குளிர்ச்சியா இருந்தா குறையும், உப்பும் ஆழமும் சேந்து மாத்தும், வேகம் கம்மியா இருக்குற பக்கமா சத்தம் வளையும். அதனால மத்தியானம் வெயில்ல மேல்தண்ணி சூடேறிச்சுன்னா உங்க சோனார் (சத்தம் அனுப்பி எதிரொலியைக் கேட்டுத் தேடுற கருவி) அனுப்புற பிங் சத்தம் கீழ்நோக்கி வளைஞ்சு போயிடும், காலையில நல்லாக் கேட்ட அதே தூரத்துல சாயங்காலம் ஒண்ணுமே கேக்காது. 1930கள்லயே அமெரிக்க நேவி இதைக் கவனிச்சு மண்டைய உடைச்சுக்கிட்டாங்க. நம்ம வங்காள விரிகுடா இன்னும் மோசம், கங்கை, பிரம்மபுத்திரான்னு இத்தனை ஆத்துத் தண்ணி வந்து உப்பு கம்மியான லேயரா மேல நிக்குது, அரபிக்கடல்ல பழகின கணக்கை அப்படியே இங்க கொண்டு வர முடியாது. இதெல்லாம் எந்த சப்மரீன் கேப்டனுக்கும் தெரியும், சத்தம் எட்டாத லேயருக்குக் கீழ போய் சும்மா உக்காந்துப்பான். நீங்க பிங் அடிக்கிறது இருட்டுத் தோப்புல டார்ச் அடிக்கிற மாதிரி, நீங்க அவனைப் பாக்குறதுக்கு முன்னாடியே அவன் உங்களைப் பாத்துருவான்.

இன்னொண்ணு, எதிரொலி வர்றதெல்லாம் சப்மரீன் இல்ல. மீன் கூட்டம், திமிங்கிலம், கடலடிப் பாறை, எப்பவோ மூழ்கின கப்பல், எல்லாமே காண்டாக்ட்தான். சர்ட்சப் (நிச்சயம் சப்மரீன்), ப்ராப்சப் (அனேகமா சப்மரீன்), பாஸ்சப் (இருக்கலாம்), நான்சப் (சப்மரீன் இல்ல)னு தரம் பிரிச்சு சொல்லணும், இளம் ஆபீசருக்கு நிஜமான பரீட்சை இங்கதான்னு நான் சொல்லுவேன். கேப்டன் பின்னாடி நிக்கிறாரு, எல்லாருக்கும் ஒரு சப்மரீன் கிடைச்சா நல்லாருக்கும்னு ஆசை, அந்த நேரத்துல "நான்சப் சார்"னு தெளிவா காரணத்தோட சொல்றவன்தான் எனக்கு நல்ல ஆபீசர். சும்மா பாஸ்சப் பாஸ்சப்னு சேஃபா சொல்லிட்டு இருக்குறவனால ஹெலிகாப்டர் எரிபொருளும் ஆட்களோட தூக்கமும்தான் வீணாகும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்டா குக்ரியப் பத்திப் படிங்க. 1971 டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கத்துல நம்ம போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரியை பாகிஸ்தானோட ஹேங்கோர் சப்மரீன் டார்பிடோ போட்டு மூழ்கடிச்சுது, 18 ஆபீசர், 176 செய்லர் இறந்துட்டாங்க, கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் கப்பலோட போனார். தேடப் போனது குக்ரிதான், ஆனா சோனார் எட்டுற தூரம் ஹேங்கோருக்கு அதிகம், போதாததுக்கு சோனார் சோதனை ஒண்ணுக்காக குக்ரி மெதுவா வேற போயிட்டு இருந்துச்சு. வீரம் குறைஞ்சு போய்த் தோத்தது இல்ல அது, கேக்குற தூரத்துல தோத்தது.

இப்போ நெலமை நெறைய மாறிருக்கு. நம்ம அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளிக்கு 2013ல இருந்து சப்மரீன் தேடுற பி-8ஐ விமானம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெரிய ரஷ்ய டியூ-142 இருந்துச்சு, அது 2017ல ரிட்டயர்டு. கரையோர ஆழம் கம்மியான தண்ணில தேடுறதுக்குன்னு கட்டின ஐஎன்எஸ் அர்னாலா 2025ல சேந்துச்சு, அது உருவானது நம்ம காட்டுப்பள்ளி யார்டுல. 2020ல ரெண்டு பெண் ஆபீசர்கள் கப்பல் ஹெலிகாப்டர்ல போற அப்சர்வரா செலக்ட் ஆனாங்க, சோனார் போட்டு சப்மரீன் தேடுறது அப்சர்வர் வேலைல முக்கியமான பகுதி. அதனால பொண்ணுங்களுக்கு இது இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

படிக்கிற பசங்களுக்கு ரெண்டு விஷயம். பிசிக்ஸ்ல அலைகள் பாடத்தை மார்க்குக்காகப் படிக்காம புரிஞ்சு படிங்க, டாப்ளர் எல்லாம் பின்னாடி தினசரி வேலை. அப்புறம் காது. மெடிக்கல்ல 610 சென்டிமீட்டர் தள்ளி நின்னு கிசுகிசுன்னு பேசுறது ஒவ்வொரு காதுலயும் தனித்தனியா கேக்கணும், இயர்போனை முழு சவுண்டுல வச்சு பஸ்ல போற பசங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். 10+2 பி.டெக் என்ட்ரிக்கு ஜேஇஇ மெயின் ரேங்க்கை வச்சுத்தான் எஸ்எஸ்பி இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. அங்க போய் எனக்கு ஏஎஸ்டபிள்யூதான் வேணும் சார்னு சொன்னா அடுத்த கேள்வி ஏன்னு வரும், அதுக்கு உங்க சொந்த பதில் இருந்தா மட்டும் சொல்லுங்க.