எலும்புப் பக்கமிருந்து வரும் புண்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமனாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டிஸ்சார்ஜ் அன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள் என்று நர்ஸ் சொன்னார். ராத்திரியுமா? முதுகில் ஒரு சிவப்புகூட இல்லை. வாட்டர் பெட்டும் வாங்கிப் போட்டிருக்கிறோம்."

நியாயமான கேள்விதான். படுக்கைப்புண் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் பதில் தானாக வந்துவிடும்.

தசைக்கும் தோலுக்கும் ஆக்சிஜன் கொண்டுபோவது தந்துகிகள் எனப்படும் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் என்பது பள்ளிப் பாடம். அவற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை 1930-ல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் யூஜின் லாண்டிஸ் அளந்தார். நக ஓரத்துத் தந்துகிகளில் மிக நுண்ணிய ஊசியைச் செருகிப் பார்த்தபோது தமனிப் பக்கம் சராசரியாக 32 மி.மீ. பாதரசம், சிரைப் பக்கம் வெறும் 12. பி.பி. பார்க்கும்போது வரும் 120/80 பக்கத்தில் வைத்தால் இது சின்ன எண். கட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தால் பிட்டத்து எலும்பு முனைக்குக் கீழே அழுத்தம் சர்வசாதாரணமாக 100-ஐத் தாண்டும்.

அப்படியானால் பஸ்ஸில் உட்கார்ந்து மதுரை போகிற எல்லோருக்கும் புண் வரவேண்டுமே? வராது, ஏனென்றால் நாம் அசையாமல் இருப்பதே இல்லை. ஓரிடம் மரத்துப்போக ஆரம்பித்ததும் நரம்பு சொல்லிவிடும், நமக்கே தெரியாமல் இடுப்பை நகர்த்திக்கொள்வோம். தூக்கத்திலும் இப்படித்தான் புரள்கிறோம். பக்கவாதம், முதுகுத்தண்டு காயம், ஆழ்ந்த மயக்கம் இவற்றில் தகவல் போகாது, அல்லது போனாலும் உடம்பு கேட்காது. அப்போது நேரமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதிக அழுத்தம் கொஞ்ச நேரம் இருந்தாலும், குறைந்த அழுத்தம் அதிக நேரம் இருந்தாலும் திசு சாகும் என்று மைக்கேல் கோசியாக் 1959-ல் நாய்களில் காட்டினார்.

இதுவரை ரத்த ஓட்டத்தின் கதை. ரத்தம் நின்றது, திசு பட்டினியில் செத்தது என்று இதோடு முடித்துவிடுகிறவர்கள் அதிகம். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது.

மெத்தையின் அழுத்தம் தோலில் படுகிறது என்பது சரி. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பது எலும்பு. அது வளையாது, மெத்தையும் ஓரளவுக்கு மேல் விட்டுக்கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தசையும் கொழுப்பும்தான் பிதுங்கி, இழுபட்டு, உருமாறுகின்றன. அந்த உருமாற்றம் மிக அதிகமாக இருப்பது தோலில் அல்ல, எலும்பை ஒட்டிய இடத்தில். போதாததற்கு, தசை தோலைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிற திசு.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் கால் தசையில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவில் காலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை மட்டும் நிறுத்தினார்கள். இன்னொன்றில் தசையையே ஒரு முனையால் அழுத்தினார்கள். இரண்டும் இரண்டு மணி நேரம். அதை எம்.ஆர்.ஐ.யில் கவனித்தார்கள். ரத்தம் மட்டும் நின்ற தசை, இறுக்கத்தைத் தளர்த்தியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. அழுத்தப்பட்ட தசையில் நிரந்தரச் சேதம் இருந்தது. செல்லின் உள் எலும்புக்கூடு போன்ற புரத இழைகள் குலைகின்றன, சவ்வு இழுபட்டு ஓட்டையாகிறது, வெளியே இருக்கவேண்டிய கால்சியம் உள்ளே புகுந்துவிடுகிறது. அழுத்தம் கடுமையாக இருந்தால் இதெல்லாம் நிமிடக் கணக்கில் தொடங்கும். செத்த செல்கள் வீக்கத்தைக் கிளப்பும், வீக்கம் பக்கத்துத் தந்துகிகளை நெரிக்கும், இன்னும் கொஞ்சம் திசு சாகும்.

ஆழமான புண்களில் சேதம் இப்படி உள்ளிருந்து மேலே வருகிறது. கவிழ்த்து வைத்த புனல் மாதிரி, அகன்ற வாய் எலும்புப் பக்கம், குறுகிய முனை தோல் பக்கம். வெளியே ஐம்பது காசு அளவில் தெரிகிற புண்ணை மருத்துவர் சுத்தம் செய்யப் போனால் உள்ளே கை நுழையும் அளவுக்குக் குழி இருப்பது இதனால்தான். மேலே சிவப்பு இல்லை என்பதை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது.

நம்மூரில் சிவப்பு என்பதே பாதி ஏமாற்று. விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பாடம் வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்டது. கருத்த தோலில் அது தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அதுதான் சிவப்பு. தோலுக்கடியில் நீர் கோப்பதை அளந்து முன்கூட்டியே சொல்லும் கையடக்கக் கருவிகளும் வந்துவிட்டன. கருத்த தோல்காரர்கள் இத்தனை கோடிப் பேர் இருக்கும் நாட்டில், கருத்த தோலில் புண்ணை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியை வார்டில் இருக்கும் நர்ஸ்களிடமே கொடுத்துப் பணமும் ஒதுக்கினால் என்ன? செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் தலைப்பில் இருந்தால் நிதி ஓடி வருகிறது, படுக்கையும் தலையணையும் யாருக்கும் ஆராய்ச்சியாகவே தெரிவதில்லை.

புண்ணை முந்திக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களை இரவு பகலாக இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வைத்தார். 1962-ல் டொரீன் நார்ட்டன் என்ற நர்ஸ், யாருக்குப் புண் வரும் என்று கணிக்க மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று அதிகம் புழங்குவது பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவரும் 1987-ல் வெளியிட்டது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு தலைப்பு. மொத்தம் 23, பொதுவாக 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து.

மதிப்பெண்ணைவிட எந்தத் தலைப்பில் மார்க் போயிற்று என்பதே முக்கியம், திட்டம் அதிலிருந்துதான் பிறக்கிறது. ஈரத்தில் போனால் டயப்பர் மாற்றும் நேரம், சாப்பாட்டில் போனால் முட்டையும் பருப்பும். நல்ல நர்ஸின் திறமை தெரிவது இரண்டு தேவைகள் மோதும் இடத்தில். மூக்கில் டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பவருக்குப் புரையேறாமல் இருக்கத் தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் உடம்பு கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகரும், நடுவில் இருக்கும் தசை கிழிபடுகிற மாதிரி இழுபடும். ஆகவே முழங்காலுக்குக் கீழ் ஒரு தலையணை, ஊட்டி முடித்துக் குறிப்பிட்ட நேரம் கழித்து இறக்குதல் என்று சமரசம் செய்துகொள்கிறார்கள். ஒருக்களிக்கும்போதும் முழுதாக 90 டிகிரி வேண்டாம், இடுப்பு எலும்பில் பாரம் ஏறும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குத் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடவேண்டும்.

நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டாம், அதன் விளிம்பே சுற்றிலும் ரத்தத்தைத் தடுக்கும். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், உள்ளே நைந்த தசை இன்னும் நையும். பூர்வ ஜென்ம வினை, நாள் நெருங்கிவிட்டது என்று சொல்கிற உறவினரை அடுத்த முறை திருப்பும்போது ஒரு கை பிடிக்கச் சொல்லலாம்.

சரி, ராத்திரிக்கு வருவோம். நான்சி பெர்க்ஸ்ட்ராம் குழு அமெரிக்கா, கனடாவின் முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. தரமான, அடர்த்தியான நுரை மெத்தையில், 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்குள் புண் வரும் விகிதத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. மெத்தை நல்லதாக இருந்தால் தூக்கத்தைக் காப்பாற்ற வழி உண்டு. ஆனால் அவர்கள் வைத்திருந்தது அந்த நுரை மெத்தை, உங்கள் வாட்டர் பெட் அல்ல. எது போட்டிருந்தாலும் திருப்பாமல் விட முடியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸிடம் கேட்டு, இரவு மட்டும் இடைவெளியை மூன்று மணி நேரமாக்கிப் பாருங்கள். திருப்பிய அரை மணி கழித்து, முன்பு பாரம் தாங்கிய இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடும் கெட்டியும் போயிருந்தால் மூன்று மணி நேரம் ஒத்துவருகிறது. போகவில்லை என்றால் அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்தி, நர்ஸுக்குத் தகவல் சொல்லி, மறுபடி இரண்டுக்கு இறங்க வேண்டியதுதான்.