கிராம சபையில் மனு கொடுக்காதீர்கள், தீர்மானம் கேளுங்கள்

வேலூர் மாவட்டத்தில் எந்த ஊராட்சியின் கிராம சபைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். குடிநீர், தெருவிளக்கு, பட்டா, முதியோர் ஓய்வூதியம் என்று ஆளுக்கொரு மனுவோடு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதிகாரி வாங்கிக்கொள்கிறார். கூட்டம் கலைகிறது. மனு கொடுப்பதற்குத் திங்கள்கிழமைதோறும் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. கிராம சபைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை வேறு. அது ஊராட்சியின் கணக்கைக் கேட்டு, ஒப்புதல் தந்து, அடுத்து எந்த வேலையைச் செய்வது என்று முடிவெடுக்கும் அவை. அங்கே மனுவை நீட்டுகிறவர் தன் அதிகாரத்தைத் தானே இறக்கி வைத்துவிடுகிறார் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபையை அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, அதன் வேலைகளை வகுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் இதன் உறுப்பினர். இதற்கெனத் தனியாகப் பெயர் பதிய வேண்டியதில்லை, யாருடைய அழைப்பும் தேவையில்லை. குடியாத்தத்தில் கடை வைத்திருந்தாலும், பெங்களூரில் வேலை பார்த்தாலும், ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால் அன்று வந்து உட்கார்ந்து பேசலாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்கள் பலருக்கும் தெரியும். 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆகிவிட்டன. மே 1 கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் தொடங்குகிறது. வேலூர் வெயில் எப்படி என்று நமக்குத் தெரியும். நிழலும் குடிதண்ணீரும் இல்லாமல் நடத்தினால் முதலில் எழுந்து போவது வயதானவர்களும் கைக்குழந்தையோடு வந்த பெண்களும்தான். இடத்தையும் நேரத்தையும் பற்றி முன்கூட்டியே தலைவரிடம் பேசுங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் யார் குரல் கேட்கும் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் குறைந்தது 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். அதற்குக் குறைந்தால் கூட்டம் செல்லாது. தலைவர் தலைமை தாங்குவார். அவர் இல்லையென்றால் துணைத் தலைவர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே நடந்துவிட்டது. அதனால் நம் பகுதித் தலைவர்களின் ஐந்தாண்டுக் கணக்கு மற்றவர்களோடு ஒத்துப்போகாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் பொறுப்பேற்பார். அப்போதும் கிராம சபை உண்டு. தலைவருக்குப் பதவிக்காலம் இருக்கிறது, கிராம சபைக்குக் கிடையாது.

கூட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது கணக்கு. ஊராட்சியின் வரவு செலவு விவரங்களைப் படிவம் 30இல் நிரப்பிச் சபையின் பார்வைக்கு வைத்து, படித்துக் காட்டி, ஒப்புதல் பெற வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி அதைப் பேனராகவும் கட்ட வேண்டும். பல ஊர்களில் பேனர் மேடைக்குப் பின்னால் மடங்கித் தொங்குகிறது, வாசிப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அங்கேதான் நிறுத்த வேண்டும். "மோட்டார் பழுது பார்த்த செலவு என்கிறீர்களே, எந்த மோட்டார், எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்டால் போதும், அடுத்த வரியைப் படிப்பவர் நிதானமாகப் படிப்பார். கேட்பதில் சண்டை எதுவும் இல்லை. ஒப்புதல் தரப்போகிறவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். தணிக்கை அறிக்கையும் இதே சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டியதுதான். ஊரக வேலைத் திட்டத்துக்கான (நூறு நாள் வேலை) 2005ஆம் ஆண்டுச் சட்டமும் சமூகத் தணிக்கையை, அதாவது வேலையையும் செலவையும் மக்களே சரிபார்ப்பதை, கிராம சபையிடமே ஒப்படைத்தது. கணியம்பாடி பக்கம் நாகநதியில் மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் உறைகளை இறக்கி அந்த ஆற்றை மீட்ட வேலையில் ஆயிரக்கணக்கான பெண்களின் உழைப்பு இருக்கிறது. அத்தகைய பணிகளைப் பரிந்துரைக்கும் இடமும் கிராம சபைதான்.

அடுத்தது தீர்மானம். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 கூட்டத்தை ஒட்டித் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் பட்டியலில் ஏறாத வேலைக்கு அடுத்த ஆண்டில் பணம் தேடுவது கடினம். ஆகவே கேட்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். "எங்கள் தெருவுக்கு கால்வாய் வேண்டும்" என்றால் அது வேண்டுகோளாகவே நின்றுவிடும். "மூன்றாவது வார்டு, தொடக்கப் பள்ளிக்குப் பின்புறத்திலிருந்து ஓடை வரை 120 மீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர்க் கால்வாய் கட்ட இச்சபை தீர்மானிக்கிறது" என்று எழுத வைத்தால் பொறியாளர் அளக்க வந்தாக வேண்டும். எந்த நிதி என்பதையும் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை எந்த வேலைக்கு என்று ஊரே முடிவு செய்ய விடப்பட்டது. "நிதி இல்லை" என்ற பதிலுக்கு "எந்தத் தலைப்பில் இல்லை?" என்று திருப்பிக் கேட்க இந்த அறிவு தேவை.

ஏரி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வட ஆற்காடு ஏரிகளின் நாடு. பாலாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கும் இந்த மண்ணில் கிணறு ஊறுவதே ஏரியால்தான். ஆனால் ஏரி யாருடையது என்று தெரியாமல் மனு எழுதி அலைந்தவர்கள் ஏராளம். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையுடையது. ஆக்கிரமிப்பை அளந்து காட்ட வருவாய்த் துறை வேண்டும். எனவே புல எண் (சர்வே எண்), ஏரியின் பெயர், ஆக்கிரமிப்பு வரத்துக் கால்வாயிலா நீர்ப்பரப்பிலா, நகல் எந்த அலுவலகங்களுக்குப் போக வேண்டும் என்பவை தீர்மானத்திலேயே இருக்கட்டும். புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். யாரோ ஒருவர் கையெழுத்திட்ட மனுவைக் கிடப்பில் போடுவது எளிது. 200 பேர் கூடி நிறைவேற்றி, தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு பதிந்ததை அப்படிச் செய்ய முடியாது.

இங்கேதான் ஏமாற்றமும் நடக்கிறது. வருகைக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பிறகு எழுதிக்கொள்வதாகப் பல ஊர்களில் புகார் உண்டு. வேலைத் தளத்திலேயே பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கூட்டம் முடியும் முன் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். ஊராட்சிச் செயலர் எழுதி முடிக்கும்வரை நாலு பேராவது உட்கார்ந்திருங்கள். கூட்டத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்ட பற்றாளர் எழுந்து போகும் முன் அவரிடமும் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

எல்லாத் தீர்மானமும் செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டத்துக்கு முரணானதை, ஊராட்சியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதை, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியர் ரத்து செய்யலாம். ஒரு சாதியை ஒதுக்குவது, ஒருவருடைய வீட்டுக்குக் குடிநீர் இணைப்பை மறுப்பது போன்றவை எத்தனை பேர் கைதூக்கினாலும் தீர்மானம் ஆகாது.

மலை ஊர்களின் கதை தனி. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகியவை மலை ஊராட்சிகள். குக்கிராமங்கள் தொலைதொலைவாகச் சிதறிக் கிடக்கின்றன. ஊராட்சிக் கூட்டத்துக்கு வந்துபோக ஒரு நாளே போய்விடும். இவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னொரு வழியைத் தந்திருக்கிறது. அதன் கீழ்க் குக்கிராம அளவிலேயே கிராம சபை கூடலாம். 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவை அது தேர்ந்தெடுக்கும். அந்தச் சபையில் பாதி உறுப்பினர்களாவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். 2005 டிசம்பர் 13க்கு முன்பே பழங்குடிக் குடும்பம் உழுதுவந்த நிலத்துக்கு, 4 எக்டேர் வரை, உரிமை கோரும் மனுக்களை முதலில் ஆராய்வது இந்தச் சபைதான். சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவாக, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், வன நிலத்தை ஒதுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். "வனத்துறை விடாது" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது சபையின் பரிந்துரை போயிருக்கிறதா என்பதுதான்.

வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. முன்பு தனி உள்ளாட்சிகளாக இருந்த தாராபடவேடு, தொரப்பாடி, சத்துவாச்சாரிக்காரர்களும் இதில் அடக்கம். நகரங்களுக்கு 2022இல் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்தன. ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை பகுதி சபை நாள்களில் அடங்கும். கிராம சபை அளவுக்கு இதற்கு இன்னும் பலம் வரவில்லை என்பது என் கருத்து. வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் பலம் வரும்.

தீர்மானம் போட்ட பின் நடந்தது என்ன என்று தெரியவில்லையா? அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். பதிலையும் பதியச் சொல்லுங்கள். புத்தகத்தைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, இந்தத் தேதிக் கூட்டத்தின் இந்த எண் தீர்மானத்தின் நகலும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையும் வேண்டும் என்று கேட்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. தீர்மான எண்ணையும் தேதியையும் அன்றே குறித்து வைத்தவருக்கு இந்த விண்ணப்பம் நான்கு வரி வேலை.