பெருங்குடல் அழற்சி: சொல் விளக்கம்

மருத்துவ அறிக்கைகளில் 'கோலைட்டிஸ்' என்று எழுதப்படுவதைத் தமிழில் பெருங்குடல் அழற்சி என்கிறோம். பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'கோலோன்' என்பதோடு 'ஐட்டிஸ்' என்னும் ஈறு சேர்ந்து அச்சொல் அமைந்தது. 'சார்ந்த' என்று மட்டுமே பொருள்பட்ட அந்த ஈறு, நோயைக் குறிக்கும் 'நோசோஸ்' என்னும் பெயருக்கு அடையாக நின்று, நாளடைவில் அப்பெயர் உதிர்ந்துபோகவே, அழற்சி என்னும் பொருளைத் தானே ஏற்றது.

தமிழ்ச் சொல்லோ நெருப்பைக் குறிக்கும் 'அழல்' என்பதன் அடியாகப் பிறந்தது. சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்று உரோம அறிஞர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் வகுத்த நான்கு குறிகளையும் அது இயல்பாகத் தாங்குகிறது. 'குடல் வீக்கம்' என்று எழுதுவோர் அவற்றுள் ஒன்றை மட்டுமே சொல்கிறார்கள். 'குடல் புண்' என்பதும் பொருந்தாது; பேச்சுவழக்கில் அது பெரும்பாலும் அல்சரையே சுட்டும்.

அழற்சி வேறு, தொற்று வேறு. கிருமி ஏதுமின்றி, உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்வதாலும் பெருங்குடல் அழலும். ஆகவே கிருமியால் வருவதைத் 'தொற்றுவகைப் பெருங்குடல் அழற்சி' என்று அடைகொடுத்துச் சொல்வதே முறை. சளியும் இரத்தமும் கலந்து போவதைச் சுட்டும் 'சீதபேதி', சித்த மருத்துவத்தின் 'சீதக்கழிச்சல்' ஆகியவை அறிகுறிக்கு இட்ட பெயர்கள். அழற்சி என்பது குடற்சுவரின் நிலைக்கு இட்ட பெயர்.

அடைமொழி தவறினால் மருந்தும் தவறும். அமீபாவால் வந்த அழற்சியை எதிர்ப்பாற்றல் பிறழ்வால் வந்ததாகக் கருதி, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் முற்றிக் குடலே ஓட்டையாகலாம். அந்த அமீபாவின் சிறப்புப் பெயரான 'ஹிஸ்டோலிட்டிக்கா' திசுவைக் கரைப்பது என்றே பொருள்படும். அதற்கு மெட்ரோனிடசோல் கொடுத்தபின், குடலில் எஞ்சும், உறைக்குள் ஒடுங்கிய அமீபாக்களை நீக்க டைலாக்சனைடு போன்ற இன்னொரு மருந்தும் வேண்டும். 1897இல் ஜப்பானியர் கியோஷி ஷிகா கண்டறிந்த ஷிகெல்லா என்னும் பாக்டீரியா கடுமையாகத் தாக்கினால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அந்தக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காமல் வருவதால், மலத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி மருந்தைத் தேர்வது நல்லது. ஆய்வகத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால் 'டிஃபிசில்' என்று பெயர் பெற்ற கிருமியின் கதை நேர்மாறானது. வேறு நோய்க்குத் தின்ற ஆன்டிபயாட்டிக் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்த இடத்தில்தான் அது பெரும்பாலும் பெருகுகிறது. கூடுமானால் அந்த மருந்தை நிறுத்திவிட்டு, வாய்வழியாக வான்கோமைசினோ ஃபிடாக்சோமைசினோ கொடுப்பார்கள். ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ. கோலை பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாட்டிக்கைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்; அது சிறுநீரகத்தைத் தாக்கும் சிக்கலுக்கு வழிவிடலாம்.

எக்கிருமியாயினும் இழந்த நீரை உப்புச்சர்க்கரைக் கரைசலால் ஈடுசெய்வதே முதல் வேலை. காய்ச்சலோ இரத்தமோ இருக்கும்போது, பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் கடையில் வாங்கித் தாமாக விழுங்கலாகாது. குடலின் அசைவை அது அடக்குவதால் கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கிவிடும்.