விளக்கு மங்கினால் டிரான்சிஸ்டர் ஏன் சுடுகிறது?

12 வோல்ட் சிறு பல்பு ஒன்றைப் பி.சி.337 டிரான்சிஸ்டர் வழியாக எரியவிட்ட பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், பல்பு முழு வெளிச்சம் தரும்போது வெதுவெதுப்பாகக்கூட ஆகாத டிரான்சிஸ்டர், வெளிச்சத்தைக் குறைத்ததும் விரல் வைக்க முடியாதபடி சுடுவது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: பேஸில் பாயும் சிறு மின்னோட்டம், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே பாயும் பெரிய மின்னோட்டத்தைக் குழாய்த் திருகுபோலத் திறந்து மூடுகிறது. டிரான்சிஸ்டரில் வெப்பமாகும் திறன் என்பது, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தைக் கலெக்டர் மின்னோட்டத்தால் பெருக்கிய தொகை. பேஸ் வழியே சேர்வது சொற்பம். பல்பின் தடை சூட்டோடு மாறுமாதலால், அதன் இடத்தில் 120 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். முழுவதும் திறந்த நிலையில் டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட் நிற்கிறது என்றால், ஏறத்தாழ 100 மில்லிஆம்பியருக்கு 20 மில்லிவாட்தான். முழுவதும் மூடிய நிலையில் மின்னோட்டமே இல்லை, சூடும் இல்லை.

இடைப்பட்ட நிலையில்தான் கணக்கு சுவைக்கிறது. 12 வோல்ட்டை டிரான்சிஸ்டரும் மின்தடையும் பங்கிட்டுக்கொள்கின்றன. மின்தடைக்குக் கிடைத்த பங்குதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே இரு பங்குகளையும் பெருக்கி 120ஆல் வகுத்தால் போதும். 2க்கு 10 என்று பிரிந்தால் பெருக்கல் 20. 4க்கு 8 என்றால் 32. 6க்கு 6 என்றால் 36. குறிப்பிட்ட நீளக் கயிற்றால் செவ்வகமாக வேலி கட்டுகிறவருக்குச் சதுரத்தில்தான் மிகுந்த நிலம் அடைபடும் என்ற பள்ளிக் கணக்கு, இங்கே சூடாக வெளிப்படுகிறது. 36ஐ 120ஆல் வகுக்க, 300 மில்லிவாட்: திறந்த நிலையைப் போலப் பதினைந்து மடங்கு!

தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில், இந்த டிரான்சிஸ்டர் தாங்கும் உச்ச அளவு 625 மில்லிவாட் என்றிருக்கிறதே, பிறகென்ன கவலை என்பார்கள். அந்த எண் 25 டிகிரி செல்சியஸ் அறைக்கு உரியது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 5 மில்லிவாட் கழிக்க வேண்டும். எண்ணைக் கொட்டை எழுத்தில் மனப்பாடம் செய்யவைத்து, இந்த நிபந்தனையை அடிக்குறிப்பாகத் தாண்டிவிடும் பாடமுறை எனக்கு உவப்பில்லை. ஒரு வாட் வெப்பத்துக்கு உட்பகுதி அறையைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சுடும் என்பதே வெப்பத் தடை; இதற்கு அது 200 டிகிரி. அந்த வெப்பத் தடையால் 0.3 வாட்டைப் பெருக்கினால் 60. சித்திரை வெயிலின் 40 டிகிரியோடு கூட்டினால், உள்ளிருக்கும் சிலிக்கான் 100 டிகிரியில் வேகிறது. அதன் வரம்பு 150 என்பதால் டிரான்சிஸ்டர் தாங்கும், விரல் தாங்காது.

வெளிச்சத்தைக் குறைக்க வேறு வழியும் உண்டு. டிரான்சிஸ்டரை நொடிக்குப் பல நூறு தடவை முழுவதும் திறந்து முழுவதும் மூடினால், அந்த 6 வோல்ட் நடுநிலையை அது ஒவ்வொரு முறையும் கண நேரத்தில் கடந்துவிடும். பாதி நேரம் மட்டும் திறந்திருந்தால் சராசரி வெப்பம் சுமார் 10 மில்லிவாட்தான்.