இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாத மரை

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாடகை வீடுகளில் குடியிருப்பவர்கள், சமையலறை மேடையை அறுத்துத் தண்ணீர் இணைப்பு கொடுக்க உரிமை இல்லாத நிலையில், சக்கரம் வைத்த டிஷ்வாஷரை வாங்குவதுண்டு. கழுவும் நேரத்தில் மட்டும் அதைத் தொட்டியருகே உருட்டி வந்து, அதன் ஹோஸைச் சமையலறைக் குழாயின் வாயில் மாட்டுகிறார்கள். ஹோஸின் முனையிலுள்ள இணைப்பியில் இரண்டு வழிகள் இருக்கின்றன; ஒன்றின் வழியே வெந்நீர் இயந்திரத்துக்குள் போகிறது, மற்றொன்றின் வழியே கழுவிய அழுக்குநீர் வந்து தொட்டியில் விழுகிறது. இந்த இணைப்பி பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால், குழாய் வாயில் இருக்கும் ஏரேட்டர் என்ற சல்லடை மூடியைக் கழற்றிவிட்டு, அதே மரையில் அடாப்டர் என்ற சிறு இடைத்துண்டைத் திருக வேண்டும். சிக்கல் தொடங்கும் இடம் அந்த மரைதான்.

வட அமெரிக்க அளவில் செய்த குழாய்களில், மரை வாயின் உட்புறம் இருந்தால் அது வழக்கமாக 15/16 அங்குலம். வெளிப்புறம் இருந்தால் 55/64 அங்குலம். இரண்டிலும் ஓர் அங்குல நீளத்துக்கு 27 மரைகள் உண்டு. ஐரோப்பிய அளவில் செய்த குழாய்களில் அதே இடங்களில் 24 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் மரைகள் இருக்கின்றன. 15/16 அங்குலம் என்பது 23.8 மி.மீ. ஆகையால், 24 மி.மீ. வாய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 0.2 மி.மீ. மட்டுமே, அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியோ அமெரிக்க அளவில் 0.94 மி.மீ., ஐரோப்பிய அளவில் 1 மி.மீ.

அமெரிக்க அடாப்டரை ஐரோப்பியக் குழாயில் திருகும்போது முதல் சுற்று எளிதாக ஏறிவிடுவதால், சரியான பொருளைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று கை நம்பிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மரைகளும் 0.06 மி.மீ. விலகிக்கொண்டே போகின்றன, சில சுற்றுகளுக்குள் ஒன்றின் முகடு மற்றொன்றின் சரிவில் உரசி நின்றுவிடுகிறது. அந்த இறுக்கத்தை "நன்றாகப் பிடித்துவிட்டது" என்று எண்ணி ஸ்பானரைக் கையில் எடுப்பதுதான் பெருந்தவறு. பித்தளை மென்மையானது, வலிந்து திருகினால் மரை மழுங்கிவிடும், அதன்பிறகு பழைய ஏரேட்டர்கூட அதில் நிற்காது. சரியான மரை, கையால் திருகும்போதே கடைசி வரை ஒரே சீராக ஏறும்.

அளவின் பெயரை மட்டும் வைத்து வாங்குவதும் ஏமாற்றத்தில் முடியும். நம் ஊரில் அரை இஞ்ச் என்று கேட்டு வாங்கும் குழாயின் மரையை அளந்து பாருங்கள். வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ. வரும், அரை அங்குலத்துக்குரிய 12.7 மி.மீ. வராது. பழைய இரும்புக் குழாய்களின் உள்துளையை வைத்து ஏற்பட்ட பெயர் அது. எனவே கழற்றிய ஏரேட்டரையே கடைக்கு எடுத்துச் சென்று, அதற்கு ஒத்துவரும் அடாப்டரைக் கேட்பதே நல்லது. சில புதிய குழாய்களில் ஏரேட்டர் வாய்க்குள்ளேயே மறைந்திருக்கும். அதைக் கழற்றத் தனிச் சாவியும், பொருத்த அதற்கென்றே உள்ள அடாப்டரும் வேண்டும்.

மரை பொருந்திய பிறகும் ஒழுகினால், பலர் உடனே மரையின்மேல் டெஃப்லான் டேப் என்ற மெல்லிய நாடாவைச் சுற்றுகிறார்கள்; இங்கே அது தீர்வல்ல. குழாய் வாயின் மரை கூம்பி வராமல் நேராகச் செல்வது. அந்த மரை அடாப்டரைப் பிடித்து வைக்க மட்டுமே உதவும். தண்ணீரை அடைப்பது அடாப்டருக்குள் தட்டையாக உட்காரும் ரப்பர் வாஷர்தான். பழைய வாஷர் உள்ளேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை வைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. விரலை விட்டுத் துழாவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சமையலறைக் குழாயின் வால்வுக்குப் பிறகு வரும் வளைந்த கழுத்து, சாதாரண நாட்களில் அழுத்தத்தைச் சுமப்பதே இல்லை. முனை திறந்திருப்பதால் தண்ணீர் தடையின்றி வெளியேறிவிடுகிறது. டிஷ்வாஷரை மாட்டியதும் அந்த முனை அடைபட்டுவிடுகிறது. கழுவி முடியும் வரை குழாய் திறந்தே இருக்க, இயந்திரம் தனக்கு வேண்டியபோது மட்டும் தன் வால்வைத் திறந்து நீரை எடுத்துக்கொள்கிறது. மற்ற நேரமெல்லாம் வீட்டு இணைப்பின் முழு அழுத்தமும் கழுத்தின்மீதும் அடாப்டரின்மீதும் நிற்கிறது. அழுத்தம் 4 பார் (bar என்ற அழுத்த அலகில்) என்று வைத்துக்கொண்டால், 22 மி.மீ. விட்டமுள்ள வாயில் அது ஏறத்தாழ 15 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். வால்வு சட்டென்று மூடும்போது ஓடிவந்த நீர் முட்டி நிற்பதால், ஒரு நொடிக்குள் அந்த விசை இன்னும் எகிறும். குழாய் "டக்" என்று அதிர்வதைக் கேட்கலாம். பாதி ஏறிய மரை கழன்று தெறிப்பது இத்தகைய தருணத்தில்தான். இழுத்து நீட்டும் வகைக் குழாயில் டிஷ்வாஷரை மாட்ட வேண்டாம் என்று எச்சரிப்பதும் இதனால்தான். அதன் உள்ளே இருக்கும் மெல்லிய ஹோஸ் இவ்வளவு நேரம் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

முதல்முறை மாட்டும்போது குழாயை மெல்லத் திறந்து, இணைப்பைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்; ஒரு முழுச் சுற்று கழுவி முடியும் வரை அருகிலேயே இருங்கள். முடிந்ததும் முதலில் குழாயை மூடி, இணைப்பியில் உள்ள பொத்தானை அழுத்தி உள்ளே அடைபட்ட நீரை வெளியேற்றிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் சிக்கியிருந்த வெந்நீர் கையில் பீய்ச்சும்.