கடைத் தேங்காயும் டெலிகிராம் சேனலும்

வக்கீலான என்னிடம் இந்த மாதத்தில் இப்படி வரும் மூன்றாவது வழக்கு இது. 22 வயதுப் பையன், கூடவே அப்பா, கையில் காவல் நிலைய நோட்டீஸ். ஒரு பயிற்சி மையத்தின் தேர்வுக் குறிப்புகளைக் காசு கொடுத்து பிடிஎஃப்பாக வாங்கியவன், அதை அப்படியே தன் டெலிகிராம் சேனலில் ஏற்றியிருக்கிறான். திறந்து பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் குறுக்காக, மங்கலாக ஒரு மொபைல் எண். அவனுடையதேதான். வெளியே போனால் யாரிடமிருந்து போனது என்று தெரியத்தான் அந்த வாட்டர்மார்க் போடுகிறார்கள். அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“அஞ்சு பைசா வாங்கல சார். ஏழைப் பசங்க படிக்கட்டும்னுதான்...”

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. காசு வாங்கவில்லை என்றால் குற்றமில்லை என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறினாயா என்றுதான் கேட்கிறது. லாபம் பார்த்தாயா என்று கேட்கவில்லை. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தக்க காரணத்தைத் தீர்ப்பில் எழுதி, நீதிபதி அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டனை தரலாம். அவ்வளவுதான் சலுகை. அதுவும் எப்போது? குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு! கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, “நான் தேங்காய் விற்கவில்லையே” என்றால் கடைக்காரர் விடுவாரா?

“யாருமே டவுன்லோட் பண்ணல” என்பதும் செல்லாது. பொதுமக்கள் எடுத்துக்கொள்ளும்படி வைத்தாலே போதும், ஒருவரும் திறக்காவிட்டாலும் மீறல்தான். சொந்தமாகப் படிக்க ஒரு நகல் என்றால் 52-ஆம் பிரிவு இடம் தரும். நாலாயிரம் பேர் இருக்கும் சேனலைச் சொந்த உபயோகம் என்று எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வேன்?

பையன் ஒவ்வொரு கோப்புக்கும் கீழே ‘1976 சட்டம், 107-ஆம் பிரிவின்படி நியாயமான பயன்பாடு’ என்று வேறு ஒட்டியிருந்தான். தம்பி, அது அமெரிக்கச் சட்டம்.

பெயரை மறைத்துக்கொண்டால் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2022 ஆகஸ்டில், ஒரு பயிற்சி ஆசிரியர் தொடுத்த வழக்கில், சேனல் நடத்துபவர்களின் மொபைல் எண்ணையும் ஐபி முகவரியையும் கொடுக்கச் சொல்லி டெலிகிராமுக்கே டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. அதே ஆண்டு மே மாதம், 63-ஆம் பிரிவு பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (ஜாமீனே கிடைக்காது என்று பயந்துவிடாதீர்கள். ஸ்டேஷனில் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று பொருள்.)

நோட்டீஸ் வந்துவிட்டதா? போனை ரீசெட் செய்யாதீர்கள். தடயத்தை அழித்ததாக இன்னொரு பிரிவும் சேரும். புகார் கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கத்தாதீர்கள். சொன்ன தேதியில் ஆஜராகுங்கள். அதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

உதவத்தான் வேண்டும் என்றால் வழியா இல்லை? சமச்சீர்ப் பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகம் இருக்கிறது, மதுரைத் திட்டம் இருக்கிறது. பாரதி, கல்கி என்று நாட்டுடைமையான எழுத்தே மலைபோலக் கிடக்கிறது. அந்த இணைப்புகளை அனுப்புங்கள், தயவுசெய்து.

எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகுதான் பையன் வாயைத் திறந்தான். “குரூப் 4 விண்ணப்பத்துல கேஸ் இருக்கான்னு கேப்பாங்களே சார், எழுதணுமா?”

எழுதத்தான் வேண்டும் என்றேன். அப்பா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.