சாயத் தண்ணீரும் உப்புக்கு அசராத பூஞ்சையும்

பரமக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "காளானைப் போட்டால் சாயத் தண்ணீர் வெளுக்குமாமே, நம்ம பக்கம் பட்டறையில் செய்யலாமா?"

வெளுக்கும். மரத்தை மட்கவைக்கும் வெண்ணழுகல் பூஞ்சைகள் (சிப்பிக்காளானும் இந்த வகைதான்) மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்கச் சுரக்கும் நொதிகள், லிக்னினைப் போலவே கார்பன் வளையங்கள் கொண்ட சாயத்திலும் கைவைக்கும்.

அந்த நொதிகளில் லாக்கேஸ் தனி அழகு. அதற்குள் நான்கு செம்பு அணுக்கள். வாசலில் நிற்கும் ஒன்று சாயத்திடமிருந்து எலக்ட்ரானை ஒவ்வொன்றாகப் பறித்து உள்ளே தள்ளும். உள்ளே கூடியிருக்கும் மூன்றும், வந்து சேர்ந்த நான்கு எலக்ட்ரான்களைக் கொண்டு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு தண்ணீர் மூலக்கூறாக்கிவிடும். எலக்ட்ரானை இழந்த சாயம் நிலைகுலைந்து உடையும். செலவு வெறும் காற்று!

இடிப்பது உப்பு. ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் வகை) பருத்தியில் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு போடுவார்கள். கடல்நீரிலேயே சுமார் 35தான். அலசிய நீர் கலந்தபின் குறைந்தாலும், மிஞ்சும் குளோரைடு பல லாக்கேஸ்களை முடக்கிவிடும். ஆகவே கடலோரப் பூஞ்சைதான் தோது. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் லட்சத்தீவின் அழுகிய கடற்புல்லிலிருந்து பிரித்த ஃபிளேவோடான் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை, கடல்நீரில் தயாரித்த வளர்ப்பு ஊடகத்திலேயே வளர்ந்து பல சாயங்களை வெளுத்தது. பாக் நீரிணையில் கடற்புல்லும் நம் ராமநாதபுரம் கடலோரக் காரங்காட்டில் அலையாத்தியும் இருக்க, நாம் தேடவேண்டிய இடம் காலடியில்தான்.

சோதித்துப் பார்ப்போருக்கு: காரம் ஏறிய சாயநீரை பிஎச் 5க்கு இறக்குங்கள். தேங்காய் நார்த் துண்டுகளில் பூஞ்சையை ஒரு வாரம் முன்பே படரவிடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் வெல்லம், 28–30 டிகிரி வெப்பம், மெல்லிய காற்றுக்குமிழ். வேகமாகக் கலக்கினால் பூஞ்சை இழை சிதையும். யூரியா வேண்டவே வேண்டாம். நைட்ரஜன் கூடினால் பல பூஞ்சைகள் நொதி சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், பாக்டீரியாவும் புகுந்துவிடும்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் தெளிந்திருக்கும், இழையைப் பிழிந்தால் நீலம். சாயம் உடையவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரியாக்டிவ் பிளாக் 5 என்ற சாயம் என்றால், எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையில் 597 நானோமீட்டர் அருகே முகடு இருக்கும். முகடு அதே வடிவில் தணிந்தால் பெரும்பாலும் ஒட்டல். முகடே அழிந்து, இழையும் வெள்ளையாக இருந்தால்தான் சிதைவு. இதைப் பார்க்காமல் "95 சதவீதம் நிறநீக்கம்" என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. 250 மில்லி குடுவையில் ஒற்றைச் சாயத்தை வெளுக்கச் செலவிடும் பணத்தில் கொஞ்சம், கிருமி நீக்காத நிஜக் கழிவில் மாதக்கணக்கில் ஓட்டிப்பார்க்கப் போகட்டும்.

நிறம் போனாலும் உப்பு அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரைக் கண்மாயில் விட முடியாது. ஆர்ஓ சவ்வுக்குத்தான் அனுப்பவேண்டும். அதற்கு முன் மணல் வடிகட்டி கட்டாயம், பூஞ்சை இழை போய் அடைத்துக்கொண்டால் சவ்வு வீண்.